கண்டியில் ஒரு பகற்பொழுது

திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் வயது முதிர்ந்தவர்களோடு பேசிப் பாருங்கள். அவர்கள் இலங்கை என்று சொல்வது அபூர்வம்; 'கண்டிச் சீமை' என்றே சொல்வார்கள். பதுளையில் பாடுபட்டவரும் கண்டிக்குப் போனவரே. அட்டனில் கொழுந்து பறித்தவரும் கண்டிக்குப் போனவரே. ஒரு நகரத்தின் பெயர் ஒரு நாட்டுக்கே ஆகி நின்ற விந்தை அது. அந்தக் கண்டியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எங்கள் வீட்டில் நெடுநாளாக இருந்து வந்தது. 2024 ஆம் ஆண்டு மே மாதம், நம் ஊரில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த விடுமுறையில், அது நிறைவேறியது.

புறப்பட்டவர்கள் ஐவர். நாங்கள் இருவர், எங்கள் மகனும் மகளும், குழந்தைகள் 'அப்பாயி' என்று அழைக்கும் எங்கள் அம்மா. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் பிறந்தது 1958 இல், கண்டிக்குத் தெற்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1972 இல், பதினான்காம் வயதில், பெற்றோருடன் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கி, பிறகு நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அட்டவணை தயாராகிவிட்டது. கண்டியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். காலை 9.30க்குத் தலதா மாளிகைப் பூஜை, பிறகு ஏரி, நடுப்பகலில் பேராதனைப் பூங்கா, மூன்று மணிக்கு அந்தானையில் தேயிலை அரும்பொருட்காட்சியகம், ஐந்து மணிக்குக் கண்டி நடனம், அந்தி மயங்கும் வேளையில் பைரவகந்தைக் குன்றின்மேல் புத்தர் சிலை. மகன் இதையெல்லாம் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினான். "நீங்கள் எங்கே போக ஆசைப்படுகிறீர்கள்?" என்று அம்மாவைக் கேட்டோம். "நீங்க பார்க்கிறதை நானும் பார்த்துக்கிறேன். அங்கே எனக்கு இப்போ யார் இருக்கா?" என்று சொல்லிவிட்டார். நாங்களும் அந்தப் பதிலில் திருப்தி அடைந்துவிட்டோம்.

மலை ஏறும் ரயில்

முந்தின நாள் மாலை கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயில் ஏறினோம். கண்டிக்கு முதன்முதல் ரயில் வந்தது 1867 இல். காப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்றே வெள்ளைக்காரர்கள் போட்ட பாதை இது. சமவெளியில் தென்னையும் நெல்வயலுமாக ஓடிவந்த வண்டி, கடுகண்ணாவைக் கணவாயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறு பக்கம் பள்ளத்தாக்கின் அடியில் பச்சைப் படிக்கட்டுகளாக வயல்கள். குழந்தைகள் குகைப் பாதைகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

கண்டி நிலையத்தில் இறங்கியதும் அம்மா நடைமேடையிலேயே நின்றுவிட்டார். கூட்டம் எல்லாம் கலைந்து போயிற்று, அவர் நகரவில்லை. பயணக் களைப்பு என்று எண்ணிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, "வாருங்கள், விடுதிக்குப் போய்ப் படுக்கலாம்" என்று அழைத்தோம். ஒன்றும் சொல்லாமல் வந்தார்.

தலதா மாளிகை

மறுநாள் காலை வானம் நிர்மலமாக இருந்தது. கண்டி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப் போல் உடலை நடுக்கும் குளிர் இல்லை, இதமான காற்று. வெசாக் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்ததால் கடைகளின் முன்னெல்லாம் வண்ணக் காகிதக் கூடுகள் தொங்கின. நாங்கள் அமர்த்தியிருந்த வான் வண்டியின் ஓட்டுநர் ஒரு சிங்கள இளைஞர். தமிழும் ஓரளவு பேசினார். அம்மா அவரை, "மல்லி, ஹெமின் யன்ன" என்றார். குழந்தைகள் திகைத்துப் போனார்கள். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. "தம்பி, மெதுவாகப் போ" என்பது பொருள். எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத மொழி அரை நூற்றாண்டுக்குப் பிறகு அம்மாவின் நாவில் தானாகவே வந்து நின்றது. அது முதல் ஓட்டுநர் எங்களை விட்டுவிட்டு அம்மாவோடுதான் பேசிக்கொண்டு வந்தார்.

புத்தர்பிரானின் புனிதப் பல் இருக்கும் ஆலயம் தலதா மாளிகை. கலிங்க நாட்டு அரசிளங்குமரி ஹேமமாலி, நான்காம் நூற்றாண்டில் அந்தத் தாதுவைத் தன் கூந்தலில் ஒளித்துவைத்து, கணவன் தந்த குமாரனோடு இலங்கைக்குக் கொண்டுவந்தாள் என்பது ஐதிகம். தாதுவைக் காப்பவனே நாட்டை ஆள உரியவன் என்பது பழைய நம்பிக்கை. ஆகவே தலைநகரம் மாறிய போதெல்லாம் தாதுவும் இடம் மாறிற்று. கடைசியில் கண்டியில் வந்து தங்கியது.

வாயிலில் சோதனை கடுமையாகத்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 1998 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் தேதி விடுதலைப் புலிகளின் லாரிக் குண்டு வெடித்து, ஆலயத்தின் முன்புறம் பெரும் சேதமடைந்தது, உயிர்களும் போயின. செப்பனிட்ட இடம் எது, பழைய சுவர் எது என்று இன்று எளிதில் அடையாளம் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தாமரை மலர்களை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றோம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளை உடுத்திய கூட்டம் அமைதியாகப் படியேறுகிறது. கீழ்த் தளத்தில் மேளங்கள் முழங்கத் தொடங்கின. நம் ஊர்த் தவிலும் உடுக்கும் சேர்ந்தாற்போன்ற ஓசை. நெஞ்சுக்குள் போய்த் தட்டுகிறது. மேல் மாடியில் கதவு திறந்ததும், ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழைகளுக்குள் தாது இருக்கிறது என்றார்கள். நாம் காண்பது பொன்னொளி வீசும் வெளிப் பேழையைத்தான். அதுவும் சில விநாடிகளே. பின்னால் வருபவர்களுக்கு வழிவிட வேண்டும் அல்லவா?

ஆலயத்தைச் சூழ நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நால்வருக்கும் தனித்தனிக் கோயில்கள் இருக்கின்றன. பத்தினி யார் என்று கேட்டாள் மகள். நம் கண்ணகிதான் என்றோம். மதுரையை எரித்தவளுக்குக் கண்டியில் என்ன வேலை என்று அடுத்த கேள்வி வந்தது. பௌத்தர்கள் அவளுக்கு விளக்கேற்றி, நோய் நொடியிலிருந்து காக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதை நேரில் பார்த்ததும் அவளுக்குக் கேள்வி தீர்ந்தது. அம்மா அங்கே ஒரு விளக்கு ஏற்றினார்.

ராஜா என்ற யானை

குழந்தைகளுக்கு யானை பார்க்க வேண்டும். கண்டியின் புகழ்பெற்ற பெரஹரா ஊர்வலம் ஆடி ஆவணியில் நடப்பது. மே மாதத்தில் யானைக்கு எங்கே போவது? ஆலய வளாகத்திலேயே ஒரு சிறு காட்சிச்சாலையைக் காட்டினார் ஓட்டுநர். அங்கே நிற்கிறது 'ராஜா' என்ற களிறு. பல ஆண்டுகள் பெரஹராவில் தாதுப் பேழையைச் சுமந்த யானை அது. 1986 இல் அரசாங்கம் அதைத் தேசியச் செல்வமாக அறிவித்தது. 1988 இல் இறந்ததும் உடலைப் பாடம் செய்து வைத்துவிட்டார்கள். நீண்டு வளைந்த தந்தங்கள் தரையைத் தொட்டுவிடும் போல் இருக்கின்றன.

"இதைப் பார்த்திருக்கேன்" என்றார் அம்மா. ஏழு வயதில், அவர் தந்தை தோட்டத்திலிருந்து நடத்திக் கூட்டிவந்து, தெருவோரம் தோளில் தூக்கிவைத்துக் காட்டினாராம். தீப்பந்தங்களின் வெளிச்சத்தில், விரித்த வெள்ளைத் துணியின்மேல் யானை நடந்து வந்ததாம். "அப்போ பேழையைப் பார்த்தீங்களா, அப்பாயி?" என்றான் மகன். "பேழை எங்கே பார்த்தேன்? யானையோட காலைத்தான் பார்த்தேன். எங்கப்பா தலைமயிரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்." கண்ணாடி விழி பதித்த யானையை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கூட்டத்தில் அதை உயிரோடு பார்த்தவர் அவர் ஒருவராகவே இருந்திருக்கலாம்.

அரசன் வெட்டிய பாற்கடல்

மாளிகைக்கு வெளியே வந்தால் ஏரி. இயற்கை ஏரி அல்ல. வயல்வெளியாகக் கிடந்த இடத்தில் 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அணைகட்டி உண்டாக்கியது. பாற்கடல் என்று பொருள்படக் 'கிரி முகுத' என்று பெயரிட்டான். சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மைல். கரையை ஒட்டி, அலை அலையாக வளைந்து செல்லும் வெள்ளை மதில் ஒன்று உண்டு. மேகச் சுவர் என்று அதற்குப் பெயர். முடிவதற்குள் அரசனின் ஆட்சியே முடிந்துவிட்டபடியால் மதில் பாதியில் நிற்கிறது.

இந்த அரசன் நமக்கு அயலான் அல்லன். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்க வம்சத்தான். 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண்ணெடுத்த உறவால் அரியணை ஏறிய நாயக்கர்கள். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், நலிந்து கிடந்த பௌத்தத் துறவு மரபை 1753 இல் சயாம் நாட்டுப் பிக்குகளை வரவழைத்துத் தழைக்கச் செய்தவன். ஆனால் கடைசி அரசன் காலத்தில் பிரதானிகளுக்கும் அவனுக்கும் பகை முற்றியது. ஆங்கிலேயர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1815 மார்ச் 2 ஆம் தேதி, செதுக்கு வேலைப்பாடு நிறைந்த மரத்தூண்கள் தாங்கும் இந்த அரச மண்டபத்தில்தான் கண்டி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிறைப்பட்ட அரசனை மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசென்றார்கள். 1832 இல் அங்கேயே காலமானான். வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவன் சமாதிதான்.

மகன் ஏரிக்கரையில் நின்று கணக்குப் போட்டான். "ராஜாவை இங்கேயிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பினாங்க. அப்புறம் தமிழ்நாட்டிலேருந்து ஆட்களை இங்கே கொண்டுவந்தாங்க. அப்புறம் அவங்களையும் திருப்பி அனுப்பினாங்க. அப்படித்தானே?" சிறுவன் வாயிலிருந்து வந்த அந்தச் சுருக்கத்தில் திருத்துவதற்கு எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பேராதனைப் பூங்கா

நகரிலிருந்து நான்கு மைல் தொலைவில், மகாவலி கங்கை குதிரை லாடம் போல் வளைந்து ஓடும் இடத்தில், 147 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது பேராதனைத் தாவரவியற் பூங்கா. 1821 இல் அலெக்சாந்தர் மூன் என்ற ஆங்கிலேயர் இதைத் தொடங்கினார். காப்பி, இலவங்கம் முதலிய பயிர்களைச் சோதித்துப் பார்ப்பதே ஆரம்ப நோக்கம். 1839 இல் அசாமிலிருந்து வந்த தேயிலைக் கன்றுகளை இங்கே நட்டார்கள். அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில் காப்பிச் செடிக்கு இலைநோய் கண்டு, அந்தத் தொழில் படிப்படியாக அழிந்தது. காப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது.

பிரவேசச் சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு சிறு சம்பவம். உள்நாட்டாருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்கு வேறு கட்டணம். அம்மாவின் பேச்சைக் கேட்ட சிப்பந்தி, அவரை மட்டும் உள்நாட்டார் என்று எண்ணிவிட்டார். அம்மாவே முன்வந்து, "இல்லை ஐயா, நானும் இந்தியாதான்" என்றார். அவருடைய இந்தியக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்ற பகுதியில் கண்டி என்றுதான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் பிறந்தவர் அயல்நாட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

இது எப்படி நேர்ந்தது என்பதை இளைய தலைமுறை வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30 ஆம் தேதி பிரதமர்கள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாடு செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. 1974 இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இலங்கையில் எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்களில் பார்த்தால் இது கூட்டல் கழித்தல் கணக்கு. வீடுகளுக்குள் பார்த்தால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுப் பிரஜைகள் ஆன கதை.

பூங்காவுக்குள் அரச பனைகள் இருபுறமும் தூண்களைப் போல் நிற்கும் சாலைகள் கண்ணைக் கவர்கின்றன. புல்வெளியின் நடுவே ஒரு ஜாவா அத்தி மரம், கிளைகளைத் தரையோடு தரையாகப் படரவிட்டு, ஒரு கல்யாணப் பந்தல் போல் நிழல் விரித்திருக்கிறது. செய்செல்ஸ் தீவுக்கே உரிய இரட்டைத் தேங்காய் மரத்தையும், ஆற்றங்கரையில் யானைக் காலைப் போல் பருத்த மூங்கில்களையும் பார்த்தோம். மர உச்சிகளில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக் கூச்சலிடுகின்றன. விருந்தாளிகள் நட்ட மரங்களும் உண்டு. 1891 இல் ரஷ்ய இளவரசர் நிக்கலஸ் நட்ட மரம், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் தம் மனைவியுடன் 1901 இல் நட்ட நாகலிங்க மரம், விண்வெளி வீரர் ககாரின் 1961 இல் நட்ட மரம் என்று வரிசையாகச் சொல்லலாம். அம்மா நாகலிங்கப் பூ ஒன்றைக் கீழிருந்து எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த ஊரிலேயே பிறந்து இந்தத் தோட்டத்துக்குள்ளே இன்னிக்குத்தான் வர்றேன்" என்றார். அந்நாளில் அவர் கண்டி நகருக்கு வந்தது மூன்றே முறை. பெரஹரா பார்க்க ஒருமுறை. கடவுச்சீட்டுக்குப் புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒருமுறை. ரயில் ஏற ஒருமுறை.

கலஹா பஸ்

வெளியே வந்து, கொண்டுவந்த கட்டுச்சாதத்தை உண்டோம். கடிகாரம் ஒன்றரை காட்டியது. அட்டவணைப்படி அடுத்தது அந்தானையில் தேயிலை அரும்பொருட்காட்சியகம். 1925 இல் கட்டிய தேயிலை ஆலை ஒன்றைப் புதுப்பித்து, பழைய உருளை இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லரின் உடைமைகளையும் அங்கே வைத்திருக்கிறார்கள். வண்டியில் ஏறப் போகும்போது, எங்களைத் தாண்டி ஒரு பஸ் போயிற்று. நெற்றிப் பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருந்த பெயரை மகள் உரக்கப் படித்தாள்: "கலஹா."

அம்மா திரும்பிப் பார்த்தார். பஸ் பல்கலைக்கழகத்துப் பாதையில் திரும்பி மறையும் வரை பார்த்தார். பிறகு ஓட்டுநரிடம் சிங்களத்தில் ஏதோ மெதுவாகக் கேட்டார். அவர் எங்களைப் பார்த்து, "அம்மாவின் தோட்டம் அந்த ரோட்டில்தானாம். ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் போக வேண்டாம், சும்மா கேட்டேன் என்கிறார்" என்றார்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மாதம் அட்டவணை போட்டவர்கள் நாங்கள். அந்த ஒரு மணி நேரத்தை நினைக்கவே இல்லை. மகன்தான் முதலில் பேசினான். சட்டைப் பையிலிருந்த அட்டவணையை எடுத்து, அரும்பொருட்காட்சியகம், நடனம், புத்தர் சிலை மூன்றையும் பேனாவால் அடித்துவிட்டு, "போகலாம் அப்பாயி" என்றான்.

கடைசிக் காம்பரா

பாதை பல்கலைக்கழகத் தோப்புகளினூடே சென்று, பிறகு வளைந்து வளைந்து ஏறியது. தேயிலை தொடங்கியதும் அம்மாவின் பேச்சும் தொடங்கியது. விடியற்காலைப் பிரட்டுக்குக் கொம்பு ஊதும் ஓசை, கங்காணியின் அதட்டல், கூடை முதுகில் நனைந்து கனக்கும் மழைக்காலம், மாசியில் காமன் கூத்து என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு செய்தி இருந்தது. 1820களில் தொடங்கி, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்த முன்னோர்களின் கதையையும் சொன்னார். அந்த நடையின் நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் ஊர்வலமாக நடந்ததை வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எல்லாத் தோட்டங்களிலும் இருப்பவைதான் அங்கும் இருந்தன. ஒரே கூரையின்கீழ் வரிசையாகச் சிறு சிறு அறைகள். அவற்றைக் காம்பரா என்பார்கள். முன்னால் ஒடுங்கிய திண்ணை, அது இஸ்தோப்பு. தகரக் கூரைமேல் காற்றில் பறக்காதிருக்கக் கற்கள். சற்றுத் தள்ளி ஐந்தாறு தனி வீடுகள் புதிதாகக் கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் இன்னும் லயத்தில்தான். மலையிலிருந்து மூங்கிலில் வழிந்த பீலித் தண்ணீர் இப்போது குழாயில் வழிகிறது. இடம் அதுவே என்றார் அம்மா.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரும்மா?" அம்மா தம் தந்தையின் பெயரைச் சொன்னார். உலக்கை நின்றது. "மேலே கடைசிக் காம்பராச் சின்னவளா? அழுதுகிட்டே கோச்சி ஏறினியே, அவளா?" கோச்சி என்பது அங்கே ரயிலுக்குப் பெயர். அவ்வளவுதான். இருவரும் கையைப் பற்றிக்கொண்டார்கள். அரை நாழிகைக்கெல்லாம் அந்த லயமே கூடிவிட்டது. எங்களுக்குச் சுடச் சுடச் சாயத் தேத்தண்ணீர் வந்தது. குழந்தைகளுக்குத் தேங்காய் போட்ட ரொட்டி வந்தது.

பேச்சினிடையேதான் எங்களுக்கே முழுக்கதை தெரிந்தது. அம்மாவுக்கு ஓர் அக்காள். அவரை மணந்தவர் வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார்கள்; அம்மாவின் தந்தை இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். 1972 இல் கண்டி ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்த அக்காள், வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியை விடாமல் நடைமேடை முடியும் வரை ஓடிவந்தாராம். அதன் பிறகு கடிதங்கள்தாம். 1983 கலவரத்துக்குப் பிறகு அவையும் குறைந்தன. 1991 இல் வந்த கடைசிக் கடிதம் அக்காளின் கணவர் எழுதியது. அவர் காலமான செய்தி அதில் இருந்தது. 'எனக்கு யார் இருக்கா' என்று அம்மா சொன்னதன் பொருளும், முந்தின நாள் நடைமேடையில் அவர் நின்றதன் பொருளும் எங்களுக்கு அப்போதுதான் விளங்கின.

அக்காளின் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கடைசிக் காம்பராவில் வேறு குடும்பம். மூதாட்டி எங்களை லயத்துக்குப் பின்னே, மேட்டுக்கு அழைத்துச் சென்றார். தோட்டத்தில் இறந்தவர்களுக்குக் கல் நாட்டும் வழக்கம் அருகித்தான் உண்டு. தேயிலைக்கு அருகே புதைத்து ஒரு மரக்கன்று நடுவார்கள். சில ஆண்டுகளில் புல்லும் தேயிலையும் மூடிவிடும். "இந்த முருங்கைக்குக் கீழேதான்னு நினைக்கிறேன். அந்தக் கல்யாண முருங்கையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவிலே கும்பிட்டுக்க" என்றார் மூதாட்டி.

அம்மா தம் கைப்பையைத் திறந்தார். ஊதுவத்திக் கட்டு ஒன்றும், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருநீறும், சிறு துணியில் முடிந்த மஞ்சளும் குங்குமமும் அதற்குள் இருந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டிலிருந்து புறப்படும்போதே அவற்றை எடுத்து வைத்திருக்கிறார். கேட்டால் எங்கள் திட்டம் கெடும் என்று கேட்கவில்லை. ஆனால் வாய்ப்பு வந்தால் கைவசம் இல்லாமற் போகக்கூடாது என்று கொண்டுவந்திருக்கிறார்! தீப்பெட்டி மட்டும் இல்லை. லயத்துப் பையன் ஒருவன் ஓடிப்போய் எடுத்து வந்தான். இரண்டு மரங்களுக்கும் நடுவில் ஊதுவத்தியை ஏற்றி ஊன்றினார். அழவில்லை. "வந்துட்டேன் அக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு குழந்தைகளைக் கூப்பிட்டு, "பெரியப்பாயியைக் கும்பிட்டுக்கோங்க" என்றார்.

திரும்பி வந்தபோது

இறங்கும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்டி ஏரிக்கரையை அடைந்தபோது மணி ஆறரை, மழை விட்டிருந்தது. மாளிகையின் மாலைப் பூஜை மேளம் தண்ணீரின்மேல் தவழ்ந்து வந்தது. குன்றின் உச்சியில் எண்பத்தெட்டு அடிப் புத்தர் சிலை விளக்கொளியில் வெண்மையாகத் தெரிந்தது. "அதோ, அதையும் பார்த்தாச்சு" என்று மகன் அட்டவணையில் அடித்த ஒரு வரியை மீண்டும் எழுதிக்கொண்டான். மகள் வெசாக் கூடு ஒன்று கேட்டாள். வாங்கினோம். அம்மா ஓட்டுநரின் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்தார். அவர், "அம்மாவுக்கு ஊரைக் காட்டியதற்குக் காசா?" என்று மறுத்தார். கடைசியில் அவர் வீட்டுக் குழந்தைக்கென்று சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை கண்டி நிலையத்தில் ரயில் நகரத் தொடங்கியபோது, அம்மா ஜன்னலோரம் அமர்ந்து நடைமேடை முடியும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "ரொட்டி கட்டிக் கொடுத்தாளே, எடு, பசிக்குது" என்றார். அந்த மூதாட்டி கொடுத்தனுப்பிய பொட்டலம் அது. ஐவரும் பங்கிட்டு உண்டோம்.

கண்டிக்குச் செல்ல எண்ணும் அன்பர்களுக்கு எங்கள் யோசனை இதுதான். ஒரு பகல் போதாது. இரண்டு நாள் ஒதுக்குங்கள். மாளிகைக்குக் காலைப் பூஜையில் போங்கள். பேராதனையில் வெயிலுக்கு முன்பே நுழைந்துவிடுங்கள். மழைக்குக் குடை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அட்டவணை எழுதுமுன் வீட்டுப் பெரியவர்களை ஒரு முறை கேளுங்கள். 'ஒன்றும் வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.